மூன்று அங்குலக் குழி

அக்கா,

போகிக்குப் பரண் ஒழித்தபோது பழைய மிக்ஸி அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து ஒரு வெள்ளைப் பந்து விழுந்தது. இரண்டு தடவை குதித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. யாழினி குப்புறப் படுத்து, கையை விட்டுத் துழாவி எடுத்தாள். "அம்மா, இது மேல பூரா குழி குழியா இருக்குதும்மா. இதுக்கும் அம்மை போட்டுச்சா?" என்று கேட்டாள். வாங்கி மோந்து பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷம் ஆகியும் சாணி வாசனை போகவில்லை. உலகத்தில் வேறு எந்த கோல்ஃப் பந்துக்கும் அந்த வாசனை இருக்காது.

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. செய்தி வந்த அன்று யாழினிக்கு அம்மை போட்டிருந்தது. ஊட்டி மலைக்கு, உங்கள் அப்பா வீட்டுக்கு வர முடியவில்லை. அப்புறம் வந்து யாரைப் பார்ப்பது என்று தள்ளிப்போட்டேன். ஒரு கடிதமாவது எழுதியிருக்க வேண்டும். இன்றைக்குத்தான் எழுத வருகிறது. ஏன் இன்றைக்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் என் வாளிக்குள் வந்து விழுந்த கதை. நீங்கள் இல்லை, உங்கள் பந்து. பீங்கான் சாமான் செய்கிற செராமிக் எஸ்டேட்டுக்குப் பின்னால், நாலு வீட்டு வரிசையில் நாங்கள் மூன்றாவது, நீங்கள் கடைசி. உங்கள் வீட்டுக்காரர் ஒரு யூனிட்டில் சூளை பார்க்கிற வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. யாழினிக்கு அப்போது எட்டு மாசம். நான் அவளுடைய துணிகளை வெந்நீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தேன். மதில் தாண்டி ஏதோ பறந்து வந்து வாளிக்குள் தொபுக்கென்று விழுந்தது. நான் போட்ட கூச்சலில் எதிர் யூனிட்டில் பொம்மைக்குப் பிசிறு எடுத்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள்.

மதிலுக்கு மேலே உங்கள் தலை தெரிந்தது.

"பந்து இங்க வந்துதாங்க?"

"கொழந்த மேல பட்டிருந்தா என்னங்க ஆவறது?"

"பட்டிருக்கலாம். படலியே. வாளிக்குள்ளதான கெடக்குது? கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீங்கள் மதிலைச் சுற்றி வந்து, வாளியில் கையை விட்டுப் பந்தை எடுத்து, புடவையில் துடைத்துக்கொண்டு என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "என்ன படிச்சிருக்கீங்க?" என்றீர்கள். சம்பந்தமே இல்லாத கேள்வி. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி என்றேன். "அதான், எது எதோட சேந்தா வெடிக்கும்னே பாத்துகினு இருக்கீங்க" என்றீர்கள். அன்றிலிருந்து நான் உங்களுக்குக் கெமிஸ்ட்ரி. என் பெயரை நீங்கள் ஒரு தடவைகூடச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

நீங்கள் சொன்னது தப்பும் இல்லை. அந்த ஒரு வருஷம் நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். குழந்தை தூங்கினால் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன். மூச்சு வந்தாலும், நன்றாக வருகிறதா என்று இன்னொரு தடவை பார்ப்பேன். ஸ்ரீமுஷ்ணம் எங்கள் அம்மா வீடு. பஸ்ஸில் ஒரு மணி நேரம். பிரசவம் முடிந்து இங்கே வந்தவள், அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் துணை இல்லாமல் ஒரு தடவைகூடப் போகவில்லை. பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குத் தலைசுற்றும், கம்பியில் பிள்ளை இடித்துக்கொள்ளும், பால் புரையேறும், இறங்குவதற்குள் பஸ்ஸை எடுத்துவிடுவான். உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம் நடந்து முடிந்துவிடும். அவருக்கோ எங்கள் யூனிட்டுச் சூளை. பற்றவைத்துவிட்டால் இரண்டு நாளைக்கு அந்த இடத்தை விட்டு நகர முடியாத பிழைப்பு.

உங்கள் அப்பா திட்டக்குடியிலிருந்து ஊட்டி மலைக்குப் பிழைக்கப் போனவர். அங்கே கோல்ஃப் மைதானத்தில் துரைமார்களுக்குப் பை தூக்கினார். அவர்கள் கழித்துப்போட்ட ஒரு கட்டையையும் ஐந்து பந்துகளையும் நீங்கள் கல்யாணச் சீர் மாதிரி கொண்டுவந்திருந்தீர்கள். குழிக்குப் பக்கத்தில் வந்த பிறகு பந்தை மெல்லத் தட்டிவிடுகிற கட்டை அது. அதை ஓங்கி வீசிப் பார்த்ததில்தான் பந்து என் வாளிக்குப் பறந்து வந்திருக்கிறது. "தூரமா அடிக்கிறது ஒடம்பு வேல. கிட்ட வந்து உருட்டறது மனசு வேல. எல்லாரும் கிட்ட வந்துதான் கோட்ட வுடுவாங்கன்னு எங்கப்பா சொல்லும்" என்பீர்கள்.

மலையில் புல். இங்கே புல்லுக்கு எங்கே போவது? பின்னாடி காலி இடம் பூராவும் உடைந்த பீங்கான் சில்லு. அதைக் கூட்டிப் பெருக்கினோம். சாணி மெழுகலாம் என்று யோசனை சொன்னது நான்தான். பத்தடி நீளத்துக்கு மேடு பள்ளம் இல்லாமல் கையால் வழித்து வழித்து மெழுகினோம். காய்ந்ததும் நீங்கள் பந்தை உருட்டிப் பார்த்துவிட்டு, "அடி கெமிஸ்ட்ரி! துரைமாருங்க பாத்தா மலையவே மெழுகச் சொல்லுவாங்க" என்று என் முதுகில் தட்டினீர்கள். பிள்ளை பெற்ற பிறகு நான் உருப்படியாக ஒரு வேலை செய்ததாக எனக்கே தோன்றியது அன்றைக்குத்தான்.

அந்தச் சந்தோஷத்தில்தான் குழிக்கான கிண்ணத்தையும் நானே செய்து தருகிறேன் என்றேன். அளவு நாலேகால் அங்குலம் என்றீர்கள். படம் வரைந்து, பக்கத்தில் 4¼ என்று எழுதி, கையெழுத்தும் போட்டு எங்கள் யூனிட் அச்சு மாஸ்டர் கலியனிடம் கொடுத்தேன். அவர் ஒரு பார்வை பார்த்து, "மேடம், இது அச்சுக்கு அளவா, வெந்து வர்ற சாமானுக்கு அளவா?" என்று கேட்டார். காலேஜ் படித்தவளிடம் கேள்வியா என்று எனக்கு ரோசம். "எழுதுனபடி செய்யுங்க மாஸ்டர்" என்றேன். எழுதினபடியே செய்தார். ஒரு வாரத்தில் பளபளவென்று வெள்ளைக் கிண்ணம் வந்தது. தரையில் பதித்தோம். நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றினீர்கள். "ரொம்ப அழகா இருக்குது" என்றீர்கள். அவ்வளவுதான்.

தினமும் பதினொரு மணிக்கு ஆட்டம். மர நிழலில் பாய் விரித்து யாழினியை உட்காரவைத்துவிடுவோம். டீ நேரத்துக்கு வெளியே வரும் பிசிறு எடுக்கிற பெண்கள்தான் ஜனம். எனக்கு ஒன்றும் விழாது. இடது பக்கம் களிமண் ஊறப்போடும் தொட்டி இருந்ததல்லவா, அதில் போய் விழும். தொட்டிப் பக்கம் போகக் கூடாது, போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அடிப்பேன். நேராக அங்கேதான் போகும். "நீ குழியப் பாக்கவே இல்லடி. தொட்டியத்தான் பாக்கற. பந்து பாவம், நீ பாக்கற எடத்துக்குப் போவுது" என்பீர்கள்.

அடித்த பிறகு நான் செய்கிற கூத்து அதைவிட மோசம். பந்து இடது பக்கம் ஓடினால் நான் வலது பக்கம் சாய்வேன். தோள், இடுப்பு, கழுத்து எல்லாம் சாயும். நாக்குகூட வெளியே வந்து வலது பக்கம் வளையும். பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "மேடம், நீங்க வளைஞ்சா அது வளையுமா?" என்று ஒருத்தி. "வுடுடி, கொஞ்ச நேரத்துல பந்துக்குப் பால் குடுத்துடும்" என்று இன்னொருத்தி. நீங்கள் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதுதான் என்னிடம் இன்னும் இருக்கிறது. "அடிக்கிற வரைக்கும்தான் அது உன்னுது கெமிஸ்ட்ரி. அடிச்சப்புறம் நேரா நில்லு."

நீங்களும் பெரிய ஆட்டக்காரி ஒன்றும் இல்லை. பத்துக்கு நாலு போட்டால் அதிகம். ஆனால் விழாத ஆறுக்கும் விழுந்த நாலுக்கும் உங்கள் முகத்தில் வித்தியாசம் தெரியாது. அடிப்பதற்கு முன்னால் பந்தைப் பார்த்து, "போயிட்டு வா" என்பீர்கள், ஸ்கூலுக்கு அனுப்புகிற மாதிரி. அது எங்கேயாவது போய் நின்றால், "சரி, அங்க போய்ப் பாப்போம்" என்று கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நடப்பீர்கள். எனக்கு ஆச்சரியமாக இருக்கும். தப்பாகப் போன பிறகு போய்ப் பார்க்க ஒரு இடம் இருக்கிறது என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

மூன்று மாசத்தில் எனக்கும் பத்துக்கு நாலு விழ ஆரம்பித்தது. அதே சமயத்தில் வளைகுடாவிலிருந்து என் தம்பி பத்து நாள் லீவில் வந்தான். ஆயுத பூஜை முடிந்த வெள்ளிக்கிழமை யாழினிக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் காது குத்துவது, மாமன் மடியில் உட்கார வைத்து. அவரால் வர முடியாது. கார்த்திகை விளக்கு ஆர்டர், சூளை பற்றவைத்தாக வேண்டும். தானே வந்து கூட்டிப்போவதாகத் தம்பி சொன்னான். அதைச் சந்தோஷமாக உங்களிடம் சொன்னேன்.

"எதுக்கு அவன்? அவன் வந்தாதான் பஸ்ஸு ஓடுமா?"

"பயமா இருக்குதுக்கா. ஏதாவது ஆயிட்டா?"

"சரி, ஒரு பந்தயம். ஆயுத பூஜைக்கு எஸ்டேட்டுல பந்து உருட்டற போட்டி வெக்கச் சொல்லியிருக்கறேன். நீ ஜெயிச்சா புள்ளயத் தூக்கினு தனியா பஸ்ஸு ஏறணும். தோத்தா தம்பிய வரச் சொல்லு."

சரி என்றேன். தோற்பது எனக்குக் கைவந்த கலைதானே என்ற தைரியம்.

ஆயுத பூஜை அன்று எஸ்டேட்டே மணத்தது. மண் அரைக்கிற மெஷினுக்கும் சக்கரங்களுக்கும் சந்தனம் குங்குமம். பொரி கடலைத் தட்டுக்குப் பக்கத்தில், ஸ்பானர்களோடு ஸ்பானராக உங்கள் கோல்ஃப் கட்டையும் படுத்திருந்தது, நெற்றியில் பெரிய பொட்டோடு. அவர் என்னிடம் மெதுவாக, "இதுவும் நம்ம தொழில் சாமானா?" என்று கேட்டார். "அது எனக்கு" என்றேன். அப்படிச் சொன்னது எனக்கே புதிதாக இருந்தது.

போட்டி நடு வாசலில். நீங்கள் முதல் நாளே இடத்தை மெழுகி, கழித்துப்போட்ட பீங்கான் குழாய்த் துண்டு ஒன்றைக் குழியாகப் பதித்துவைத்திருந்தீர்கள். நான் கிட்டே போய்ப் பார்த்துத் திகைத்துவிட்டேன்.

"என்னக்கா, குழி கெணறு மாதிரி இருக்குது?"

"பெருசாத் தெரியுதா? நல்லது. மனசு நல்லா இருக்கற அன்னிக்கு அப்படித்தான் தெரியும்னு எங்கப்பா சொல்லும்."

ஆளுக்கு மூன்று அடி. சூளைக்காரர்கள் மம்பட்டி பிடிப்பதுபோல் பிடித்து மதில் வரைக்கும் அனுப்பினார்கள். உங்கள் வீட்டுக்காரர் அடித்த பந்து திருஷ்டிப் பூசணிக்காயில் போய் மோதியது. கடைசியில் மிஞ்சினது நானும் கலியன் மாஸ்டரும், ஆளுக்கு இரண்டு போட்டிருந்தோம். இனி ஆளுக்கு ஒரு அடிதான். அச்சில் கூழ் ஊற்றுகிற நிதானமான கை அவருக்கு. பந்து குழி விளிம்பைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து நின்றது. "மேடம் காலேஜு, நீங்க தொட்டியத் தேடுவீங்களே, இங்க தொட்டி இல்லியே, எங்க அடிக்கப் போறீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாழினி உங்கள் இடுப்பில் பொரி மென்றுகொண்டிருந்தாள். ஒரு விரற்கடை தள்ளி அடித்தால் போதும். தோற்கலாம். தம்பி வருவான். பயமே இல்லாமல் போய்விட்டு வரலாம். யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நிஜமாகவே தள்ளி அடிக்கத்தான் நினைத்தேன் அக்கா, இதை உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. ஆனால் குனிந்து பார்த்தால் அந்தக் குழி அவ்வளவு பெரிதாக, வாயைத் திறந்துகொண்டு எனக்காகவே காத்திருக்கிறது. அதைத் தவறவிட எனக்கு மனசு வரவில்லை. ஆசையாக இருந்தது. பயத்துக்குப் பக்கத்தில் ஆசை வந்து நின்றால் பயம் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கிறது என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

"போயிட்டு வா" என்றேன். தட்டினேன். நேராக நின்றேன்.

டொக் என்று சத்தம். அப்புறம் பெண்கள் போட்ட குலவையில் யாழினி மிரண்டு அழுததுதான் ஞாபகம் இருக்கிறது. பரிசு ஒரு டிபன் கேரியர். கலியன் மாஸ்டர் என் கையில் கொடுக்கும்போது சிரிப்பை அடக்க முடியாமல், "மூணு மாசமா அந்தச் சின்னக் குழில போட்டவங்ககிட்ட நான் எங்க ஜெயிக்கறது" என்றார்.

சாயந்திரம் வீட்டுக்குப் பின்னால் போய்க் கிண்ணத்தைத் தோண்டி எடுத்து, என் வீட்டுக்காரருடைய ஸ்கேலை வைத்து அளந்தேன். வாய் மூன்று அங்குலம்கூட இல்லை. மண் வெந்தால் சுருங்கும் என்பதை, சூளைக்காரனைக் கட்டிக்கொண்ட கெமிஸ்ட்ரி பட்டதாரி மறந்துபோயிருக்கிறாள். போதாததற்கு, நாலேகாலை வாயின் அளவாக எழுதாமல் வெளிச்சுற்றுக்கு எழுதியிருக்கிறேன். சுவரின் கனம் வேறு உள்ளே போய்விட்டது. கிண்ணத்தோடு உங்கள் வாசலுக்கு வந்து சண்டை போட்டேன்.

"மொத நாளே தெரியுமாக்கா உங்களுக்கு?"

"வெரல வுட்டதுமே தெரியும். எங்கப்பா கூட எத்தினி குழி பாத்திருக்கறேன்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா ஒவ்வொரு தடவையும் குழி மேல பழியப் போட்டுட்டு உக்காந்திருப்ப."

"அப்ப பந்தயம் செல்லாது."

"எப்படிச் செல்லாது? அளவு எழுதுனது யாரு? கீழ கையெழுத்து யாருது? வெள்ளிக்கெழம காலைல பஸ் ஸ்டாண்டுல இரு."

இருந்தேன். எனக்கு முன்னால் நீங்கள் வந்திருந்தீர்கள், கையில் மஞ்சள் பையோடு. வழியனுப்ப வந்தேன் என்றீர்கள். என்னை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, பிள்ளையை மடியில் கொடுத்து, ஜன்னல் கம்பியைத் தட்டி, "போயிட்டு வா கெமிஸ்ட்ரி. நேரா உக்காரு" என்றீர்கள். பஸ் கிளம்பியது. பயந்ததில் ஒன்றும் நடக்கவில்லை. பயப்படாதது நடந்தது. யாழினி பக்கத்து சீட்டு அம்மாவின் புதுப்புடவையில் வாந்தி எடுத்தாள். நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்க, அந்த அம்மா, "எம்புள்ளைங்க மூணும் பண்ணுச்சுங்க. தண்ணி இருக்குதா?" என்று துடைத்துவிட்டு அவளை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டார். சரி, அங்கே போய்ப் பார்ப்போம் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். தனியாக வருகிறேன் என்று நான் சொல்லியனுப்பியதை நம்பாமல், இறங்கும் இடத்தில் தம்பி நின்றிருந்தான். நான் பஸ் படியில் தனியாகப் பிள்ளையோடு இறங்குவதைப் பார்த்து, "அக்கா, நீயா?" என்றான். அந்த "நீயா"வை அவன் லீவு முடிகிற வரைக்கும் நான் ருசித்துக்கொண்டே இருந்தேன்.

அந்த மஞ்சள் பையில் இருந்தது ஸ்கேன் படங்கள் என்பது பிறகு உங்கள் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. என்னை ஏற்றிவிட்டு, நீங்கள் தனியாகப் பாண்டிச்சேரி பஸ் ஏறியிருக்கிறீர்கள், ஆஸ்பத்திரிக்கு. அந்த மூன்று மாசமும் மாசம் இரண்டு தடவை போயிருக்கிறீர்கள். தெரிந்தபோது உங்கள் மேல் கோபம் வந்தது. நீங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் நடிப்பா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. கையில் பந்து இருக்கும்போது நீங்கள் பந்தை மட்டும்தான் பார்த்தீர்கள். அதற்கு மேல் எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

அடுத்த வருஷம் அப்பா வீட்டுக்கு மலைக்குக் கிளம்பும்போது கட்டையை எடுத்துக்கொண்டு, ஒரு பந்தை எனக்குக் கொடுத்தீர்கள். "போயிட்டு வரேன் கெமிஸ்ட்ரி" என்றீர்கள். கிண்ணம் என்னிடமே இருந்தது. இப்போது எங்கள் குளியலறையில் அதில்தான் மூன்று பேருடைய பல் துலக்கும் பிரஷ்ஷும் நிற்கிறது.

பந்து கிடைத்ததிலிருந்து யாழினிக்கு வேறு வேலை இல்லை. பொங்கல் லீவு பூராவும் பிரஷ்ஷையெல்லாம் கொட்டிவிட்டு, கிண்ணத்தைக் கூடத்தில் சாய்த்துவைத்து, அவள் அப்பாவின் குடையைத் தலைகீழாகப் பிடித்து அடித்தாள். ஏழு தடவை, எட்டுத் தடவை, விழவில்லை. "அம்மா, இந்த ஓட்ட ரொம்பச் சின்னதா இருக்குதும்மா" என்றாள். வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். "அப்படியா? அடி, பாப்போம்" என்றேன்.

இரண்டு வருஷமாக அவள் ஸ்கூல் வேனில் போகிறேன் என்று கேட்கிறாள். நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருகிறேன். வேன் பிரேக், கதவுத் தாழ்ப்பாள், பின் சீட்டுப் பெரிய பிள்ளைகள் என்று என்னிடம் எப்போதும் பட்டியல் தயாராக இருக்கும். லீவு முடிந்து இன்று காலை ஸ்கூல் திறந்தது. வேனை வரச் சொல்லியிருந்தேன்.

ஏறினாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் பையிலிருந்து எதையோ எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பந்தாகத்தான் இருக்கும். "போயிட்டு வா" என்றேன். கேட்டிருக்காது. எஸ்டேட் முனையில் வேன் இடது பக்கம் திரும்பியது. என் தோள், இடுப்பு, கழுத்து எல்லாம் வலது பக்கம் சாய்வது எனக்கே தெரிந்தது. டீ குடித்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன் அக்கா. அப்புறம் நேராக நின்றேன்.